வண்டிக்கு வயசாயிடுச்சாம்!

போன செவ்வாய்க்கிழமை எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் நன்றாக இருக்காது, அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய கார் சர்வீஸ் சென்டர். பேர் வேண்டாம். கண்ணாடிச் சுவர், ஏ.சி., சோபா, மெஷினில் காபி. காபி என்றா சொன்னேன்? வெந்நீருக்கு நிறம் கொடுத்து வைத்திருந்தார்கள்... விடுங்கள், சண்டை அதைப் பற்றி இல்லை.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லட்டுமாக ஒரு பையன் வந்தான். என் காரை அரை நாள் உள்ளே வைத்திருந்த பையன்.

"சார், கம்ப்யூட்டர் போட்டு ஃபுல்லா செக் பண்ணிட்டோம். எந்த எரரும் இல்ல."

"அப்புறம் மைலேஜ் ஏன்பா இப்படிக் குறையுது?"

"வண்டிக்கு வயசாயிடுச்சு சார்."

"அது எனக்குத் தெரியாதா? வாங்கினவனே நான்தானே. வியாதி என்னன்னு கேக்கறேன்."

"அதான் சார்... வயசு."

சொல்லிவிட்டு ஒரு நோட்டீஸை நீட்டினான். எக்ஸ்சேஞ்ச் மேளாவாம். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். வைத்தியம் பார்க்கச் சொன்னால் மாற்றுப் பிள்ளை தருகிறேன் என்கிறான்!

வயசு என்பது ஒரு வியாதியா? ஒரு ரிப்பேரா? எந்த ஸ்பேனரால் அதைக் கழற்றுவது?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். படிப்பு ஆறாம் கிளாஸ். அதுவும் பாஸ் இல்லை. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சைக்கிள் கேரியரில் இட்லிக் குண்டானைக் கட்டிக்கொண்டு போய், லேத் பட்டறை வாசலில் நின்று விற்றவன். இன்றைக்கு அதே பேட்டையில் மத்தியான மணி அடித்தால், பாதிப் பட்டறைகளில் திறக்கிற சாப்பாட்டு டப்பா என் கிச்சனிலிருந்து போனது. எம்.பி.ஏ. படித்தவர்கள் என்னிடம் கையெழுத்துக்காக நிற்கிறார்கள். பெருமையா? பெருமைதான். நானே சம்பாதித்த பெருமை, அதை நானே செலவு பண்ணிக்கொள்கிறேன்.

அந்தக் கிச்சனில் கேஸ் சிலிண்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது என்று வையுங்கள். எவனாவது வந்து, "அடுப்புக்கு வயசாயிடுச்சு முதலாளி" என்று சொன்னால் என்ன செய்வேன்? அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். தேடு! ட்யூப் கசிகிறதா? பர்னரில் அடைப்பா? எவன் அண்டாவைத் திறந்து போட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்? காரணம் இல்லாமல் எதுவும் தீராது. இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்பு சொல்லித் தந்தது.

அப்படிப்பட்டவனிடம் வந்து... வயசாம்!

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளைக் கார், பெட்ரோல். என் மகன் கார்த்திக் காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கியது. அந்தக் கார்த்திக்குக்கு இப்போது முன்நெற்றி ஏறிவிட்டது, வண்டிக்கு இன்னும் பெயின்ட் உதிரவில்லை. எங்கள் அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நெரிசலை எல்லாம் தாண்டித் தினமும் கிச்சனுக்குப் போய் வருகிறது. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகக் குறைந்து குறைந்து, இப்போது பத்துதான் தேறுகிறது.

கார்த்திக் நாவலூரில் சாஃப்ட்வேர் வேலை. ஆபீஸும் அங்கேதான், பன்னிரண்டாவது மாடி ஃப்ளாட்டும் அங்கேதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனிடம் போனில் சர்வீஸ் சென்டர் கதையைச் சொன்னேன். என் பக்கம் பேசுவான் என்று நினைத்தேன்.

"அந்தப் பையன் சொன்னது கரெக்ட்தான்ப்பா. ப்ராக்டிக்கலா இருங்க. வித்துடலாம். ஞாயித்துக்கெழம ஒரு டீலர் வரான், பார்த்துட்டு ஸ்பாட்லயே எடுத்துட்டுப் போயிடுவான்."

"யாரைக் கேட்டுடா வரச் சொன்ன?"

"உங்களைக் கேட்டா வேணாம்பீங்க. அதான் கேக்கல."

"சரி, நான் கிச்சனுக்கு எதுல போறது?"

"ஆப்ல கேப் போட்டுக்கலாம்ப்பா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், நான் இங்கிருந்தே புக் பண்றேன். இந்த டிராஃபிக்ல நீங்க இனிமே ஓட்டவும் வேணாம்."

கவனித்தீர்களா? கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. மைலேஜ் ஒரு சாக்கு. திருமுடிவாக்கத்தில் நான் தாளிப்பு நேரத்துக்குப் போய் நிற்க வேண்டுமென்றால், நாவலூரில் உட்கார்ந்து ஒருத்தன் பட்டனைத் தட்ட வேண்டும். அவன் மீட்டிங்கில் இருந்தால் நான் தெருமுனையில் நிற்க வேண்டும். இன்றைக்குக் கார் சாவி. அடுத்து கிச்சன் சாவி. அப்புறம் சோபாவில் உட்கார வைத்து டி.வி. ரிமோட்டைக் கையில் கொடுப்பார்கள், 'அப்பா இப்ப ரெஸ்ட் எடுக்கறார்' என்று வருகிறவர்களிடம் சொல்வார்கள்.

"கார்த்தி, ஞாயித்துக்கெழமைக்குள்ள கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சு, மைலேஜத் திரும்பக் கொண்டு வந்துட்டா?"

சிரித்தான். "கொண்டு வந்துட்டா நான் இந்தப் பேச்சையே எடுக்கல. வரலைன்னா சாவியக் குடுத்துடணும். டீலா?"

"டீல்!"

போனை வைத்தேன். என் மனைவி சரோஜா கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவன் காரைத்தானே வயசாச்சுன்னான்? உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?"

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் காரை யார் பார்ப்பது?

முதல் சந்தேகம் பெட்ரோல் பங்க் மேல். அளவில் அடிக்கிறார்களோ? புதன்கிழமை வேறு பங்க்குக்குப் போய் டேங்கை வாய் வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி வாய் வரை நிரப்பிப் பார்த்தேன். அதே பத்து. பழைய பங்க்காரனை மனசுக்குள் திட்டியதை மனசுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

எதிர் வீட்டில் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். கேட்டுக்கு மேல் தலையை நீட்டி, "எத்தனால் சார், எத்தனால். பெட்ரோல்ல அதைக் கலந்ததுலேருந்து எல்லாருக்கும் குறைஞ்சிடுச்சு" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் அவருடைய காரும் என் காரும் கிட்டத்தட்ட ஒரே வயசு. அதே பெட்ரோலைத்தான் இரண்டும் குடிக்கின்றன.

"உங்களுக்கு எவ்வளவு சார் குறைஞ்சுது?"

"கொஞ்சம்தான். ஒண்ணு, ஒண்ணே கால்..."

"எனக்கு நாலு சார்!"

"அப்போ உங்க வண்டிக்கு வயசு..." என்று ஆரம்பித்தார். நான் உள்ளே போய்விட்டேன். ஒரே வயசு வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு பேசுகிற பேச்சா இது? கணக்கு வாத்தியார் வேறு!

டயரில் காற்று பார்த்தேன். சரி. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பார்க்க, தெருவில் நியூட்ரலில் போட்டு ஒரு கையால் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி உருண்டது. ஓட்டிவிட்டு வந்து நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன், எதுவும் தனியாகச் சுடவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். ஒரு நாள் முழுக்க ஏ.சி. போடாமல் ஓட்டினேன். வியர்வையில் குளித்ததுதான் மிச்சம், மைலேஜ் அசையவில்லை.

வியாழக்கிழமை வண்டிக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சைலன்ஸருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மை எடுத்த மாதிரி கரி.

சமையல்காரனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அண்டாவின் அடி கறுத்தால் அடுப்பு சரியாக எரியவில்லை என்று அர்த்தம். போகிற கேஸ் அதிகம், எரிகிற கேஸ் குறைவு. இந்த இஞ்சின், எரிக்க முடிகிறதைவிட அதிகமாகப் பெட்ரோலைக் குடிக்கிறது. வயசானால் எவனாவது அதிகமாகச் சாப்பிடுவானா? குறைத்துத்தானே சாப்பிடுவான்?

ஆனால் ஏன் குடிக்கிறது? அது எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிகிற நேரம் பார்த்து மேற்குத் தாம்பரம் போனேன். அங்கே ஒரு சந்துக்குள் பஷீர் பாயின் பட்டறை. என் இட்லிக் காலத்துச் சிநேகிதன். வண்டி வாங்கியதிலிருந்து இதைத் தொடுகிற ஒரே கை அவன் கைதான். செவ்வாய்க்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போனதே கார்த்திக் நச்சரித்ததால்தான். அந்தத் தகவலை பாயிடம் சொல்லவில்லை.

ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிக் காட்டினான். அதிலும் கரி.

"கார்பன் ஜாஸ்தியா கீதுண்ணே. க்ளீன் பண்ணித் தரேன். பெட்ரோல் அப்படி வருது, நாம இன்னா பண்றது?"

"வேற ஒண்ணும் இல்லியா பாய்?"

"இஞ்சின்ல ஒரு கொறயும் இல்ல. தோ, முள்ளப் பாரு. எப்பிடிப் படுத்துகினு கீது! போன கோடைல மேடவாக்கம் சிக்னல்ல கொதிச்சு நின்ன வண்டியா இது? ஐஸ் பொட்டி மாதிரி ஆக்கிக் குடுத்துருக்கேன்."

உண்மை. டெம்பரேச்சர் முள் அன்றிலிருந்து அடி மட்டத்தைவிட்டு எழுந்ததே இல்லை. வண்டியில் ஏறுகிற எல்லோரிடமும் நானே அதைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். ப்ளக்கைத் துடைத்து மாட்டிக்கொண்டே பாய் சொன்னான்.

"அதுக்கும் வயசு ஆவுதுல்லண்ணே..."

"நீயுமா பாய்!"

"ஐய, இன்னாண்ணே பேஜார் பண்ற? நான் இன்னா சொல்லிட்டேன் இப்போ?"

வீட்டுக்கு வந்தேன். கம்ப்யூட்டர் சொன்னால் தூக்கிப் போடலாம். வாத்தியார் சொன்னால் கதவைச் சாத்தலாம். என் பாயே சொல்லிவிட்டான் என்றால்... நிஜமாகவே வயசுதானோ? சாவியை எடுத்து டி.வி. ஸ்டாண்டு மேல் வைத்தேன்.

சனிக்கிழமை காலை. கிச்சன். சாப்பாட்டு வண்டிகள் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்குகிறது, சாம்பார் அண்டா இன்னும் கொதிக்கவில்லை. மாஸ்டர் கரண்டியோடு நிற்கிறார்.

"இன்னா மாஸ்டர், இன்னும் கொதிக்கலியா?"

"ஃபுல்லா வச்சிக்கினுதான் கீறேன் மொதலாளி. கொதிக்கவே மாட்டேங்குது."

பார்த்தேன். அண்டாவுக்கு மூடி இல்லை. நேர் எதிரே, புழுக்கத்துக்காக வாங்கிப் போட்ட ராட்சத ஃபேன், காற்றை அண்டா மேலேயே அடித்துக்கொண்டிருக்கிறது.

"மூடியத் தொறந்து போட்டு, மேல ஃபேனையும் வச்சா எப்பிடிய்யா கொதிக்கும்? நீ ஃபுல்லா வச்சா கேஸ்தான் போகும்! அடுப்பு எரியுது, எரியுது, சாம்பார் ஆறிக்கினே கீது!"

கத்திக்கொண்டே, கீழே கிடந்த மூடியைத் தூக்கினேன். தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மூடி இல்லாத அண்டா. எதிரே ஃபேன். கொதிக்காத சாம்பார். வீணாகப் போகிற கேஸ்.

படுத்தே கிடக்கிற முள். ரேடியேட்டர். வீணாகப் போகிற பெட்ரோல்...

"மொதலாளி, மூடி..." என்றார் மாஸ்டர். அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன். வயசானவன் ஓடினேன்.

அனகாபுத்தூரில் நல்ல வெயில். பம்மலில் நல்ல நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து வந்தும் முள் அசையவில்லை. ஒரு வருஷமாக எதைப் பார்த்துப் பெருமைப்பட்டேனோ, அதைப் பார்த்து வயிறு எரிந்தது. வெயிலில் நிற்கிற மாடுகூடச் சுடும். ஓடுகிற இஞ்சின் சுடாதா?

பஷீர் பாய் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது. காலிடமே கேட்டேன்.

"பாய், என் வண்டில தெர்மோஸ்டாட் வால்வு கீதா?"

"எதுக்குண்ணே அது?"

"கீதா? இல்லியா?"

வெளியே வந்தான். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. "மெட்ராஸ் வெயிலுக்கு அது எதுக்குண்ணே? போன கோடைல நீ கொதிச்சு நின்னப்பவே புடுங்கிட்டேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வால்வு உண்டு. இஞ்சின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடியிருக்கும். தேவையான சூடு வந்ததும் தானே திறக்கும். அது இல்லையென்றால் இஞ்சின் எப்போதும் மார்கழிக் காலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். 'ஐயோ, இன்னும் சூடாகவில்லையே' என்று உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்று ஊற்று என்று ஊற்றும். மூடி இல்லாத அண்டாவேதான்!

"அத என்னாண்ட ஏன் பாய் சொல்லல?"

"நீதானேண்ணே கத்துன? 'ஆயுசுக்கும் இந்த வண்டி கொதிக்கக் கூடாது பாய்'னு. கொதிச்சுதா? நீயே சொல்லு, கொதிச்சுதா?"

கத்தினேன்தான். அதற்காக? காரத்தைக் குறைத்துப் போடு என்றால் அடுப்பையா அணைப்பான் ஒருத்தன்? அன்றைக்கு வண்டி கொதித்தது ரேடியேட்டர் ஃபேன் சுற்றாததால். அந்த மோட்டாரை அப்போதே மாற்றிவிட்டான். அதோடு நிறுத்த வேண்டியதுதானே? கூடவே போனஸாக ஒரு உறுப்பைப் பிடுங்கியிருக்கிறான்!

"நான் மட்டுமாண்ணே பண்றேன்? எங்க அத்தா காலத்துலேர்ந்து இதான் வழக்கம். இந்த ரோட்ல எந்த மெக்கானிக்க வேணா கேளு. இன்னாத்துக்கு அந்த வால்வு? குளிர் தேசத்துக்காரன் அவன் ஊருக்கு வச்சது. நம்ம ஊருக்கு எதுக்கு? தோ பாரு..."

சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு கம்பியைக் கழற்றி எடுத்து வந்தான். அதில் கோத்திருந்தது என்ன தெரியுமா? வால்வுகள்! தாம்பரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வண்டி வண்டியாகப் பிடுங்கிய வால்வுகள். அனுமாருக்குச் சாத்திய வடைமாலை மாதிரி வரிசையாக.

"என் கை பட்ட வண்டி ஒண்ணாச்சும் ரோட்ல கொதிச்சு நின்னுதுன்னு எவனாச்சும் சொல்லட்டும்" என்றான், மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"இதுல எது என்னுது?"

"கடேசிக்கு முந்தினது. ஏன்?"

டிக்கியைத் திறந்தேன். என் டிக்கியில் எப்போதும் ஒரு பழைய அலுமினியப் பாத்திரம் கிடக்கும். தொழில் அப்படி. பக்கத்து டீக்கடையில் ஒரு அடுப்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தை ஏற்றி, மாலையை அப்படியே உள்ளே இறக்கினேன்.

"அண்ணே, அது டீ அடுப்பு..." என்றார் டீ மாஸ்டர்.

"சும்மா இருய்யா. மருந்து காய்ச்சறேன்."

தண்ணீர் சூடேறியது. நான், பாய், டீ மாஸ்டர், டீ குடிக்க வந்த இரண்டு பேர், எல்லோரும் எட்டிப் பார்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. குமிழி வர ஆரம்பித்தது. டக்! ஒன்று வாயைத் திறந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக... மூச்சுக்கு மேலே வந்த மீன் மாதிரி, ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. துருவேறி இறுகிப்போன சிலது மட்டும் அப்படியே இருந்தன. மற்றதெல்லாம் உயிரோடு. என்னுடையது நன்றாகவே திறந்தது.

பஷீர் பாய் பாத்திரத்துக்கு மேல் குனிந்தான்.

"இத்தினி உசுரோடயா கீது..." என்றான், யாரிடமும் இல்லாமல்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் பிடுங்கியிருக்கிறான். அவன் அத்தா செய்தார், அவன் செய்தான். எந்த வால்வையும் யாரும் வெந்நீரில் போட்டுக் கேட்டதில்லை, அவ்வளவுதான். மீதிப் பாதிக் கோபம் எப்போது திரும்ப ஏறியது தெரியுமா?

"சரிண்ணே, போட்டுடலாம். கடைல புச்சு ஒண்ணு வாங்கியாறேன். இது பழசாயிடுச்சுல்ல..."

"பாய்ய்ய்!"

"சரி சரி சரி! பழசே மாட்றேன். கத்தாதண்ணே, டீ பொங்குது."

புது ரப்பர் வளையம் போட்டு, பழைய வால்வை மாட்டிக் கொடுத்தான். பானெட்டை மூடும்போது மெதுவாகச் சொன்னான். "நாளைக்கு மறுபடி கொதிச்சுதுன்னு வய்யி, பையன் முன்னாடி என் பேர இழுக்காதண்ணே."

ஞாயிற்றுக்கிழமை. டீலர் மத்தியானம் வருகிறான். கார்த்திக்குக்கு போன் போட்டேன். "நீ உன் வண்டிய எடுக்காத. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." செம்பாக்கத்தில் டேங்கை வாய் வரை நிரப்பிக்கொண்டு நாவலூர் போனேன். முள் எழுந்து, பாதியில் வந்து, கம்பீரமாக நின்றது. போகும்போது ரோடு காலி. பயமில்லை.

திரும்பும்போது வந்தது சோதனை. வேறு எங்கே? மேடவாக்கம் சிக்னல். போன வருஷம் ஆவி பறக்க நின்ற அதே இடம். முன்னால் மாநகரப் பேருந்து, பின்னால் தண்ணி லாரி, மேலே வெயில். ஒரு அங்குலம் நகரவில்லை. கார்த்திக் டேஷ்போர்டை எட்டிப் பார்த்தான்.

"அப்பா! டெம்பரேச்சர் ஏறியிருக்குப்பா! எப்பவும் கீழதானே இருக்கும்? ஆஃப் பண்ணுங்க!"

"அது அங்கதான்டா இருக்கணும்."

"பாதிக்கு வந்துடுச்சுப்பா! போன தடவை மாதிரி ஆயிடும், ஓரமா நிறுத்துங்க!"

"பேசாம உட்காரு."

அவனை அதட்டினேனே தவிர, என் கண்ணும் முள் மேலேதான். இங்கே ஆவி வந்தால் எல்லாம் முடிந்தது. சாவி போகும். பாயின் பேர் போகும். நாளையிலிருந்து தெருமுனையில் கேப்புக்கு நிற்க வேண்டியதுதான். முள் பாதிக்கு மேல் ஒரு மயிரிழை நகர்ந்தது. கார்த்திக் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டான்.

அப்போது பானெட்டுக்குள்ளிருந்து 'ஊ...ங்' என்று ஒரு சத்தம். ரேடியேட்டர் ஃபேன். முள் தயங்கியது. மெல்லப் பாதிக்கு இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சிக்னல் விழுந்தது. நான் கியரைப் போட்டேன். நேராகச் செம்பாக்கம்.

அதே பங்க், அதே பம்ப். கார்த்திக்கே போனில் கணக்குப் போட்டான். நம்பாமல் மறுபடி போட்டான்.

"பதிமூணுப்பா."

"பதினாலு வராது. அந்த ஒண்ணை எத்தனால் குடிச்சிருக்கும்."

"வயசும்..." என்று வாயெடுத்தவன், என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். புத்திசாலி. என் பிள்ளை இல்லையா?

வீட்டு வாசலில் டீலர் காத்திருந்தான். வண்டியைச் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்து, "வயசான வண்டி சார், அதனால ரேட்டு..." என்று ஆரம்பித்தான். கார்த்திக் அவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"பாஸ், வண்டி விக்கல. ஸாரி. இன்னொண்ணு, எங்கப்பா முன்னாடி அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க."

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

நான் கேட்கிறேன். படித்தவர்களே, பெரிய சர்வீஸ் சென்டர்களே, எங்கள் கணக்கு வாத்தியாரே! தேடுவதற்குச் சோம்பேறித்தனம் வந்தால் உடனே வாயில் வருகிற வார்த்தையா வயசு? வண்டியாகட்டும், மனுஷனாகட்டும், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. யாரும் அதற்கு மேல் பானெட்டைத் திறப்பதில்லை. நல்ல வேளை, எனக்குப் படிப்பு வரவில்லை. வந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

பஷீர் பாயிடம் இதை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "தாராளமா எழுதுண்ணே. ஆனா புடுங்குனது மட்டும் போடாத, திரும்ப மாட்டுனதும் நான்தான்னு போடு" என்றான். போட்டுவிட்டேன் பாய். தாம்பரம் பக்கத்து வாசகர்களே, உங்கள் வண்டியின் முள்ளும் எப்போதும் படுத்தே கிடக்கிறதா? பட்டறைக்குப் போய் மாலையைக் கேளுங்கள். உங்களுடையதும் அதில் இருக்கலாம்.

நேற்று சர்வீஸ் சென்டரிலிருந்து அதே பையன் போன் பண்ணினான். ஃபீட்பேக் வேண்டுமாம்.

"சார், எங்க சர்வீஸ்ல என்ன குறைன்னு சொன்னீங்கன்னா இம்ப்ரூவ் பண்ணிக்குவோம்."

"உனக்கு என்ன வயசுப்பா?"

"இருபத்தி நாலு சார்."

"அதான் கோளாறு. போகப் போகச் சரியாயிடும்."